எட்டிப் பார்க்கப் பத்து முகவரிகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் ஒண்டிக்கொண்டு நிற்கிறவர்களும் வந்து இப்படி உட்காருங்கள். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு படம் திறப்பதற்குள் முகம் கழுவித் தலைவாரிப் பின்னிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அக்கா, ஒரு தங்கை, நடுவில் ஒரு பொத்தான் டப்பா. முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த அக்கா ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவள். அதற்கு முன்னால் பாடப்புத்தகம் அச்சடிக்கிற இடத்தில் பதினைந்து வருஷம் இதே வேலை. மூச்சு விட இடமில்லாமல் ஓடுகிற வாக்கியத்தைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. சிவப்பு மையில் ஒரு கமா வைத்த பிறகுதான் டீயைக் கையில் எடுப்பாள். அதனால் ஆபீஸில் அவளுக்குக் கமா அக்கா என்று பேர். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் கல்யாணமே அவளைத் தள்ளிப்போட்டுவிட்டது. ஓர் அறையும் சின்னச் சமையல்கட்டும் உள்ள வீட்டில் தனியாக இருந்தாள்.

அந்தப் பத்திரிகையில் ‘எட்டிப் பார்க்க’ என்று ஒரு பகுதி வரும். இணையத்தில் இந்த வாரம் போய்ப் பார்க்கத் தகுந்த பத்து முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. அதை எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒருநாள் ஆசிரியர் அவள் மேஜையருகே வந்து நின்றார்.

“அம்மா, இனிமே எட்டிப் பார்க்க உங்க பொறுப்பு.”

“எனக்குக் கம்ப்யூட்டர எங்க அழுத்தினா எரியும்னுகூடத் தெரியாது சார்.”

“தெரிஞ்சவர் எழுதினப்ப பத்துல ஆறு தப்பு. ஒரு புள்ளி விட்டுட்டா வேற எங்கயோ போயிடுதாம். போன வாரம் குழந்தைங்க படம் வரையற பக்கம்னு போட்டோம். போனா சவப்பெட்டி செய்யறவன் கடையில போய் நிக்குதுன்னு நாலு பேர் கடுதாசி போட்டிருக்காங்க. புள்ளி விடாம எழுத இந்த ஆபீஸ்ல உங்கள விட்டா யாரு?”

ஆபீஸில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரும் எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுவதற்கே சரியாக இருந்தன, இணையம் இல்லை. அதனால் புதன்கிழமைதோறும் மத்தியானம் ஒரு மணி நேரம், இரண்டு தெரு தள்ளியிருந்த பிரவுசிங் சென்டருக்கு அவள் போய்வர ஏற்பாடாயிற்று.

அந்த சென்டரை நடத்தியவர் டைப் டீச்சர். முப்பது வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். தட்டச்சு கற்க ஆள் வருவது நின்றுபோனதும் மிஷின்களையெல்லாம் மேஜைக்கடியில் தள்ளி, மேலே நான்கு கம்ப்யூட்டர்களை வைத்துவிட்டார். நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. இணையம் ஓடும்போது போனை எடுத்தால் எல்லாம் அறுந்துபோகும். அதனால் போன்மேல் ‘தொடாதே’ என்று பெரிய எழுத்தில் ஒட்டிவைத்திருந்தார். மறந்துபோய் அதைத் தொடுகிற ஒரே ஆளும் அவர்தான்.

கமா அக்காவுக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்துப்போயிற்று. எங்கோ ஓர் ஆபீஸில் இருக்கும் மீன்தொட்டியைக் காட்டுகிற பக்கம் ஒன்று இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கொரு படம். இரண்டு வாரம் காத்திருந்தும் ஒரு வாலைத்தான் பார்த்தாள். ‘பொறுமைசாலிகளுக்கு மட்டும்’ என்று எழுதி, இடம் வரும்போது போட வைத்துக்கொண்டாள். தினமும் ஒரே ஜன்னலிலிருந்து மேகத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர் ஒருவர். நூற்றெழுபது விதமான கயிற்று முடிச்சுகளைப் படம் வரைந்து காட்டுகிறவர் இன்னொருவர். யாரும் கேட்காமல், எதையும் எதிர்பார்க்காமல், முன்பின் தெரியாதவர்களுக்காக இப்படி ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஒரே விருப்பம் உள்ளவர்கள் தங்கள் பக்கங்களை வளையம்போலக் கோத்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்தின் அடியில் ‘அடுத்த வீடு’ என்று இருக்கும். அழுத்தினால் அடுத்தவர் பக்கம். அப்படித் தையல்காரர்களின் வளையத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள் ஒரு புதன்கிழமை. ஏழாவதோ எட்டாவதோ வீட்டில், வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கத் தொடங்கியது.

முதலில் நீல மையின் தலைகள் மட்டும் தெரிந்தன. கைப்பிரதி. தமிழ். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வருவது பெரும்பாடு; யாரோ காகிதத்தில் எழுதிப் படமாக ஏற்றியிருக்கிறார்கள். எழுத்தின் கழுத்து தெரிந்தது. பிறகு வயிறு. வரிக்கு வரி கொஞ்சம் மேல்நோக்கி ஏறிப்போகிற கையெழுத்து. அவள் திரைக்கு அருகே குனிந்தாள். கோடு போட்ட நோட்டில்கூட மாடிப்படி ஏறுகிற மாதிரி எழுதியவள் உலகத்தில் ஒருத்திதான்.

‘இது என் அம்மாவின் பொத்தான் டப்பா. அம்மா தையல்காரி. நான் புறப்பட்ட அன்று பெட்டிக்குள் வைத்து அனுப்பினாள். வாரம் ஒரு பொத்தானைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.’

அதன் கீழே தகர டப்பாவின் படம். மூடியில் தேய்ந்துபோன கப்பல். அம்மா போன பிறகு அந்த டப்பாவை வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள் அக்கா.

“என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?” என்றார் டைப் டீச்சர்.

“ஒண்ணுமில்ல டீச்சர். படம் மெதுவா வருது.”

“மெதுவா வந்தாதான் அது படம். சட்டுனு வந்தா சினிமா.”

என்ன நடந்திருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தங்கை ஒன்பது வயது இளையவள். ஒல்லி உடம்பும் உருண்டைத் தலையுமாக இருப்பாள் என்று அம்மா வைத்த பேர் குண்டூசி. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். ஐந்து வருஷத்துக்கு முன் அம்மா கண்ணை மூடியபோது, குண்டூசிக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து எட்டு நாள். வர முடியாது என்று போனில் அழுதாள். ஒற்றை ஆளாக எல்லாம் பார்த்துக் களைத்திருந்த அக்கா, “பெத்தவ போறதுக்கு வர முடியாதவ, இனிமே எதுக்கும் வர வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. திறக்காமலே ‘பெற மறுப்பு’ என்று அதன்மேல் எழுதித் திருப்பி அனுப்பினாள். கையில் கிடைத்தது அதே சிவப்புப் பேனா. எத்தனை ஆயிரம் பிழையைத் திருத்திய பேனா. அது போட்ட பிழைகளில் பெரியது அதுதான். பிறகு வேலை மாறினாள், வீடு மாறினாள். கோபம் ஆறி, அந்த இடத்தில் ஏக்கம் வந்து உட்கார்ந்தபோது, முகவரி அந்தத் திருப்பி அனுப்பிய உறைமேலேயே போய்விட்டிருந்தது.

இப்போது முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் அது வீட்டு முகவரி இல்லை. எட்டிப் பார்க்கிற முகவரி. ஜன்னல் இருக்கிறது, கதவு எங்கே என்று தெரியவில்லை. பக்கத்தின் அடியில் ஒரு தபால்பெட்டிப் படம் இருந்தது. அழுத்தினால் சென்டர் கம்ப்யூட்டர் எதையெதையோ கேட்டு விழித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் கெஸ்ட்புக். வந்தவர்கள் பெயரும் இரண்டு வரியும் எழுதிவிட்டுப் போகலாம். திறந்தாள். ஒருவரும் எழுதவில்லை. பெயர்க் கட்டத்தில் கோடு மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. அவள் விரல் விசைமேல் இருந்தது, அழுத்தத்தான் முடியவில்லை. கடிதத்தைத் திருப்பி அனுப்பியவள் என்ன சொல்லி ஆரம்பிப்பாள்?

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கவுன்ட்டர். ‘இதுவரை வந்தவர்கள்: 17. கடைசியாக எட்டிப் பார்த்தது: புதன்.’ அந்தப் பதினேழாவது ஆள் அவள்தான்.

அடுத்த புதன்கிழமை பக்கம் திறந்தபோது, வேறெதையும் பார்க்காமல் கவுன்ட்டருக்குப் போனாள். 19. இது என் வரவு. அப்படியானால் நடுவில் ஒன்று யாருடையது? புதுப் பொத்தான் ஒன்று வைக்கப்பட்டிருந்தது; மேலே வியாழன் என்று தேதி. வைத்தவளே வந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கடுத்த வாரம் 21. பிறகு 23. வாரம் இரண்டே இரண்டு. ஒன்று நான், ஒன்று அவள். ஒரே ஜன்னலுக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. ஒரே நாளில் இருவரும் இல்லை.

அந்த இரண்டை நம்பி வாரம் ஓடியது அக்காவுக்கு. திங்கட்கிழமையே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிடும். ‘என்னக்கா, புதன்கிழமைன்னா புதுப் புடவையா கட்டற, அந்தக் கம்ப்யூட்டரக் கட்டிக்கப் போறியா’ என்று பக்கம் கட்டுகிறவர் கேலி செய்தார். எந்தக் கட்டுரை பக்கத்தில் அடங்காவிட்டாலும் வாலை வெட்டிவிடுவதால் அவருக்குப் பேர் கத்தரி.

ஐந்தாவது புதனில், பொத்தான்களின் கீழே ஏறுகையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. ‘புதன்கிழமை வருகிறவருக்கு வணக்கம். நீங்கள் யாரோ. இந்த வாரம் ஏழாவது பொத்தான்.’

அக்கா திரையைக் கையால் தொட்டுவிட்டாள். டீச்சர் தூரத்திலிருந்தே, “கை வைக்காத, அழுக்காகும்” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, “சரி, வெச்சுக்க” என்றார்.

ஏழாவது பொத்தான் பெரியது, பழுப்பு நிறம், நான்கு துளை. ஓரத்தில் ஒரு நசுங்கல். ‘இது அப்பாவின் மழைக்கோட்டுப் பொத்தான். ஓரத்தில் எலி கடித்திருக்கிறது பாருங்கள்’ என்று எழுதியிருந்தாள் குண்டூசி.

அப்பாவிடம் மழைக்கோட்டே இருந்ததில்லை. அக்காவின் வலதுகை, பழக்கதோஷத்தில், இல்லாத சிவப்புப் பேனாவைத் தேடியது. அது எந்தப் பொத்தான், ஓரத்தைக் கடித்தது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்ல வாயில்லாமல், ஆபீஸுக்குத் திரும்பி மற்றவர்கள் பிழைகளைத் திருத்தினாள்.

ஆறாவது புதன் வந்தது. கவுன்ட்டர் 27. எட்டாவது பொத்தானுக்குக் கீழே இப்படி இருந்தது: ‘பக்கம் தொடங்கி இரண்டு மாதம். வந்துகொண்டிருக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். ஒரே ஒரு ஆளுக்காகக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.’

சிரிக்கட்டும் என்ற சொல் அக்காவின் கண்ணில் படவே இல்லை. சிரிக்கிறார்கள் என்பதுதான் போய்த் தைத்தது. என் தங்கச்சியைப் பார்த்து யார் சிரிப்பது? ஆள் வரவில்லை என்றுதானே? வரவழைக்கிறேன் ஊரையே என்று அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீஸுக்குப் போனதும் அந்த வாரப் பட்டியலில் பத்தாவதாக எழுதினாள்: ‘ஒரு தாயின் தகர டப்பாவில் இருந்த பொத்தான்கள். வாரம் ஒன்று. அவசரமில்லாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.’ கீழே முகவரி, ஒரு புள்ளி பிசகாமல்.

கத்தரி பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஒன்பதுக்குத்தான் எடம் இருக்கு. இந்தப் பொத்தான வெட்டிடறேன்க்கா. பொத்தானப் போயி யாரு பாப்பாங்க?”

“வெட்டினா, கடைசிப் பக்கத்துல உன் பேர வெட்டிடுவேன்.”

“ஐயோ, அதப் பாத்துத்தான் நான் வேலைக்குப் போறேன்னே எம் பொண்டாட்டி நம்பறா.”

“அப்ப மீன்தொட்டிய வெட்டு. வாலுதான வருது.”

பத்திரிகை சனிக்கிழமை கடைக்கு வந்தது. அந்தப் பகுதியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைக்காத பிரவுசிங் சென்டர் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போய்ப் பார்ப்பதுதான் அப்போது விடுமுறைப் பொழுதுபோக்கு. அடுத்த புதன்கிழமை அக்கா ஓட்டமும் நடையுமாக சென்டருக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்தாள்.

கவுன்ட்டர்: 1,846.

முதலில் பெருமைதான் வந்தது. கெஸ்ட்புக்கைத் திறந்தாள். ‘அழகான பக்கம். என் பக்கத்துக்கும் வரவும்.’ ‘பொத்தான் மொத்தமாகக் கிடைக்குமா?’ ‘வேலைவெட்டி இல்லையா உங்களுக்கு?’ ‘எனக்கு வயது இருபத்தெட்டு, சொந்த வீடு, அமைதியான பெண் தேடுகிறேன்.’ மூன்று பக்கத்துக்கு இப்படியே. அவளுக்குச் சிரிப்பாகக்கூட வந்தது. பிறகுதான் அடியில் புதிதாக ஒரு படம் இறங்கத் தொடங்கியது. வியாழன்வரை பொறுக்காமல் திங்கட்கிழமையே வைத்திருக்கிறாள்.

‘ஏதோ பத்திரிகையில் வந்ததாம். வந்த எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆனால் புதன்கிழமை வருகிறவர் இனி வந்தாலும் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் அவரைத் தொலைத்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு ஏறுவதைப் பார்த்து, ஒன்று நான், இன்னொன்று என் அக்கா என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்காகத்தான் எழுதவே ஆரம்பித்தேன். இனி அந்தக் கதையும் இல்லை. இந்த வியாழன் பத்தாவது பொத்தானை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பக்கத்தை எடுத்துவிடுவேன்.’

அக்கா அதை இரண்டாவது முறை படித்தாள். அவள் தன் தங்கையிடம் பேசத் தெரிந்திருந்த ஒரே வார்த்தை அந்த ஒன்றாம் எண். வாரம் ஒருமுறை ஒன்று ஏறும். வந்தேன் என்று அர்த்தம். அதன் தலையில் ஆயிரத்தெண்ணூறு பேரைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? வாயைத் திறக்கத் தைரியமில்லாமல், தனக்குப் பதிலாக ஊரை அனுப்பிவைத்தது யார்? நாளைக்கு வியாழன்.

கெஸ்ட்புக்கில் எழுத உட்கார்ந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஒற்று எங்கே, குறில் எங்கே என்று தெரியாத அந்த எழுத்தைப் பார்க்கவே அவளுக்கு உடம்பு கூசியது. இருந்தாலும் எழுதினாள். ‘மதிப்பிற்குரிய’ என்று ஆரம்பித்து அழித்தாள். ‘அன்புள்ள’ என்று வைத்தாள். அன்றைய என் மனநிலை, சூழ்நிலை, தனிமை, அதன் காரணமாக, ஆகவே, எனினும்… இருபது வருஷம் திருத்திய எல்லாக் கட்டுரைகளும் விரலுக்குள் புகுந்துகொண்டன. முக்கால் மணி நேரம். இருபத்தாறு வரி. எல்லாக் கமாவும் அதனதன் இடத்தில். மூன்றாவது முறை படித்துவிட்டு, அனுப்பு என்ற கட்டத்துக்கு அம்பை நகர்த்தினாள்.

டைப் டீச்சருக்கு அந்த நேரம் பார்த்து மகள் ஞாபகம் வந்தது. போனை எடுத்துவிட்டார்.

மோடம் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. திரை வெள்ளையாயிற்று. இருபத்தாறு வரியும் போன இடம் தெரியவில்லை.

“போச்சா?” என்றார் டீச்சர், போனைக் கையில் பிடித்தபடி.

“போச்சு டீச்சர்.”

“நான் ஒரு மடச்சி. தொடாதேன்னு நானே எழுதி நானே தொடறேன். பெரிசா எழுதினியா?”

“பெரிசாத்தான்.”

டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். கண் கலங்கியிருந்தவளை என்னவென்று கேட்கவில்லை. “மறுபடி போட்டுத் தர்றேன். ஆனா ரெண்டு மணிக்குக் கூட்டம் வந்துடும். பத்து நிமிஷம். அதுக்குள்ள எது முக்கியமோ அத மட்டும் அடி. டைப்பிங் பரீட்சையில அப்படித்தான், மணி அடிச்சா கைய எடுத்துடணும்.”

மறுபடி மோடம் கத்தி, மறுபடி கப்பல் மூடி இறங்கி, ஒவ்வொரு பொத்தானாக வந்தது. ஏழாவது பொத்தான் வந்ததும் அக்காவின் வலதுகை பழையபடி பேனாவைத் தேடியது. இந்த முறை அவள் அதைத் தடுக்கவில்லை. பெயர்க் கட்டத்தில் ‘புதன்கிழமை’ என்று தட்டினாள். கீழே:

‘ஏழாவது பொத்தானில் பிழை இருக்கிறது. அப்பாவுக்கு மழைக்கோட்டு கிடையாது. அது என் பள்ளிக்கூடக் குளிர்க்கோட்டுப் பொத்தான். உனக்கு நாலு வயது. நல்ல காய்ச்சல். டாக்டர் வீட்டுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அதைக் கடித்துக் கடித்துப் பிய்த்துவிட்டாய். எலி இல்லை. நீ. கடிதத்தைத் திருப்பியதும் பிழை. அது என்னுடையது.’

ஒரு கமாகூட வைக்கவில்லை. திரும்பப் படிக்கவும் இல்லை. அனுப்பினாள்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். வியாழன், வெள்ளி என்று நாள் நகர்ந்ததே தவிர அவள் நகரவில்லை. அட்டைப் படத்தில் ஓர் அமைச்சரின் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று விழுந்திருந்ததைக்கூட விட்டுவிட்டாள். நல்லவேளை கத்தரி பார்த்து வெட்டினார். “அக்கா, உயிரோட இருக்கறவரப் போய் அனுப்பிவெச்சுட்டியே” என்றார். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் எடுத்திருப்பாளா, இந்நேரமா என்று.

புதன்கிழமை டைப் டீச்சர் அவளுக்காக ஒரு கம்ப்யூட்டரைக் காலியாக வைத்திருந்தார். முகவரியைத் தட்டினாள். வெள்ளைத் திரை. வெகுநேரம் வெள்ளைத் திரை. இல்லை, எடுத்துவிட்டாள் என்று நினைத்த கணத்தில் மேலே ஒரு நீலக் கோடு தோன்றியது. ஏறுகையெழுத்து.

‘எலி எழுதுகிறேன். பொத்தானை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். இப்போதுள்ள பல்லுக்குப் பொருந்தவில்லை. என் மகளுக்கு ஐந்து வயது. அவளைக் கடிக்கச் சொன்னேன். அச்சாகப் பொருந்தியது.’

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். படம் இறங்கிக்கொண்டே இருந்தது.

‘டப்பாவில் இன்னும் நூற்றுப் பதினான்கு பொத்தான் இருக்கிறது. எது யார் சட்டையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். தெரிந்தவள் நீ. நான் பக்கத்தை எடுக்கப்போவதில்லை. கீழே எங்கள் வீட்டு எண். இதைத் திருப்பி அனுப்ப உன்னால் முடியாது, அக்கா. இது படம்.’

பிறகு எண்கள். அதன் தலைகள் மட்டும் வந்து, அந்த இடத்தில் நின்றுபோயிற்று. வட்டத் தலைகளும் ஒரு தட்டைத் தலையும். ஒரு தலை மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்; இன்னொன்று பூஜ்யமா ஒன்பதா? பிழை திருத்துகிறவள் ஊகிக்கக் கூடாது. வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் காத்திருந்தவள் அந்த அரை அங்குலத்துக்குக் காத்திருக்க முடியாமல் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். டீச்சர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, “வா, வா, வந்துடு, எந் தங்கமில்ல” என்று கம்ப்யூட்டரைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

வந்தது. எட்டு. பூஜ்யம். முழு எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பேனா சிவப்பு.

டீச்சர் மற்ற மூன்று கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, “எல்லாரும் கொஞ்ச நேரம் கைய எடுங்கப்பா, லைனக் கட் பண்றேன்” என்றார்.

“டீச்சர், என் படம் பாதி வந்திருக்கு” என்று ஒருவர் முனகினார்.

“மீதிப் பாதி எங்கயும் ஓடிடாது. இவளுக்கு அவசரம்.” மோடத்தை நிறுத்திவிட்டு, ‘தொடாதே’ என்ற காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, போனை அவள் கையில் கொடுத்தார். “பேசு.”

“அங்க இப்ப என்ன நேரமோ டீச்சர். தூங்கிட்டிருந்தா?”

“எழுப்பு. அக்காதான எழுப்பறா.”

உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். கடலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. எத்தனையோ வாரம் கவுன்ட்டர் பார்த்த பழக்கத்தில் அதையும் எண்ணினாள். மூன்று. நாலாவது மணி பாதியில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூச்சு மட்டும் வந்து போயிற்று. அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, ஒரு குழந்தை எதையோ குலுக்கி விளையாடுகிற சத்தம் கேட்டது. தகரத்துக்குள் பொத்தான்கள். அம்மா மடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் அவள். உலகத்தின் எந்த மூலையில் கேட்டாலும் தெரியும்.

“குண்டூசி,” என்றாள் அக்கா.

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற கடிதம் எதுவும் திறக்கப்படாமல் திரும்பாதிருக்கட்டும். தொலைவில் உள்ளவர்கள் உங்களைத் தேடி எட்டிப் பார்க்கிற ஜன்னல் ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். உங்கள் வீட்டு மணி நாலாவது முறை அடிப்பதற்குள் எடுக்க ஒரு கை இருக்கட்டும். பொத்தான் டப்பா குலுக்குகிற பிள்ளைகளின் சத்தம் உங்கள் அறைகளில் ஓயாதிருக்கட்டும். நன்றாக இருங்கள்.